அமெரிக்கக் குற்ற வழக்குப் பதிவேடுகள்: நீதிக்குக் காவலா, பெயருக்குக் கறையா?

அமெரிக்காவில் ஒருவர்மீது குற்ற வழக்கு பதிவானால், அந்த வழக்கின் கோப்பை ஏறக்குறைய யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வேலை கொடுக்கப்போகும் நிறுவனம், வாடகைக்கு வீடு விடுபவர், பெண் கொடுக்க யோசிக்கும் குடும்பம், பக்கத்து வீட்டுக்காரர் என எவரும் அந்தக் கவுண்டியின் நீதிமன்ற அலுவலகத்துக்குச் சென்று, பெயரைச் சொல்லிக் கேட்கலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று பொதுவாக யாரும் விசாரிப்பதில்லை. நம் ஊரில் வழக்குக்குத் தொடர்பில்லாத ஒருவர் கட்டு நகல் கேட்டால் ஆயிரம் கேள்வி எழும். அங்கே கேட்பது உரிமை.

இந்த உரிமை நல்லதா, கெட்டதா? பொய் வழக்கில் சிறை சென்றவருக்கு அந்தக் கோப்புதான் சாட்சி. வழக்கிலிருந்து விடுதலையான பிறகும் வேலை கிடைக்காமல் அலைபவருக்கு அதே கோப்புதான் முடியாத தண்டனை. இரண்டும் ஒரே அலமாரியிலிருந்து வருகின்றன.

மூடிய கதவிலிருந்து பிறந்த உரிமை

வர்ஜீனியா மாநிலத்தின் ஹனோவர் கவுண்டியில் ஒரு கொலை வழக்கு. முதல் தீர்ப்பு மேல்முறையீட்டில் ரத்தானது. அடுத்த இரண்டு விசாரணைகள் பாதியில் முறிந்தன. நான்காவது முறை விசாரணை தொடங்கியபோது, பொதுமக்களையும் செய்தியாளர்களையும் வெளியேற்ற வேண்டும் என்று குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் கேட்டார். நீதிபதியும் ஒப்புக்கொண்டார். மூடிய அறைக்குள் நடந்த அந்த விசாரணையின் முடிவில் அவர் விடுவிக்கப்பட்டார். உள்ளே என்ன நடந்தது என்று பார்க்க ஊர்மக்களுக்கு வழியில்லை.

செய்தித்தாள் நிறுவனம் ஒன்று வழக்குத் தொடுத்தது. 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், குற்ற வழக்கு விசாரணையை நேரில் காணும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அதற்கு 2 ஆண்டுகள் முன்பே, அதிபர் நிக்சனின் ஒலிநாடாக்கள் தொடர்பான வழக்கில், நீதிமன்ற ஆவணங்களைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் பொதுமக்களுக்குப் பொதுவான உரிமை இருப்பதை அதே நீதிமன்றம் ஏற்றிருந்தது. அது எல்லையற்ற உரிமை அல்ல என்றும் சொல்லியிருந்தது.

இந்தத் தீர்ப்புகளின் நோக்கம் தெளிவானது. அரசு ஒருவரைக் கூண்டில் ஏற்றும்போது, அரசு ஒழுங்காக நடக்கிறதா என்பதை மக்கள் கண்காணிக்க வேண்டும். கண்காணிக்கப்பட வேண்டியவர்கள் நீதிபதியும் காவல்துறையும் அரசு வழக்கறிஞரும்தான்.

மால்கம் எக்ஸ் வழக்கு சொல்லும் பாடம்

அந்தக் கண்காணிப்பு எவ்வளவு தேவை என்பதற்கு முஸ்லிம்கள் மறக்கக்கூடாத வழக்கு ஒன்று உண்டு. 1965 பிப்ரவரி 21 அன்று நியூயார்க்கின் மன்ஹாட்டனில், ஆடுபான் அரங்கில் மால்கம் எக்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். மன்ஹாட்டன் என்பது சட்டக் கணக்கில் நியூயார்க் கவுண்டி. அங்கே நடந்த விசாரணையில் 1966இல் மூவர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அவர்களில் முஹம்மது அப்துல் அஸீஸ், கலீல் இஸ்லாம் ஆகிய இருவரும் தாங்கள் சம்பவ இடத்திலேயே இல்லை என்று சொன்னார்கள். சம்பவ இடத்தில் பிடிபட்ட மூன்றாமவர், தாம் குற்றத்தில் பங்கெடுத்ததாகவும் மற்ற இருவருக்கும் தொடர்பில்லை என்றும் நீதிமன்றத்திலேயே சாட்சி சொன்னார். மூவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

1970களின் இறுதியில், உண்மையில் பங்கெடுத்தவர்கள் வேறு நால்வர் என்று அவர் பிரமாணப் பத்திரமும் அளித்தார். வழக்கை மீண்டும் திறக்க நீதிமன்றம் மறுத்தது. அஸீஸ் 1985இலும் கலீல் இஸ்லாம் 1987இலும் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். வெளியே வந்த பிறகும் கொலைகாரர்கள் என்ற பெயர் போகவில்லை. அந்தப் பெயரோடுதான் கலீல் இஸ்லாம் 2009இல் இறந்துபோனார்.

2021 நவம்பரில், சுமார் 22 மாத மறு ஆய்வுக்குப் பின், இருவர்மீதான தீர்ப்பும் ரத்து செய்யப்பட்டது. இவர்களுக்குச் சாதகமான ஆதாரங்களை எஃப்.பி.ஐ.யும் நியூயார்க் காவல்துறையும் மறைத்திருந்தது வெளிவந்தது. அடுத்த ஆண்டு மாநகராட்சியும் மாநில அரசும் சேர்ந்து 3 கோடியே 60 லட்சம் டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இருவரும் நிரபராதிகள் என்ற சாட்சியம் நீதிமன்றப் பதிவேட்டில் 1966 முதலே இருந்தது. அதனால்தான் வரலாற்று ஆய்வாளர்களும் வழக்கறிஞர்களும் பல பத்தாண்டுகள் இந்த வழக்கை விடாமல் பிடித்திருக்க முடிந்தது. அவர்களுக்குக் கிடைக்காமல் போனவை காவல்துறையின், உளவுத்துறையின் கோப்புகள். அவை நீதிமன்றப் பதிவேட்டில் சேராதவை. திறந்திருந்த கோப்பு கேள்வியை உயிரோடு வைத்திருந்தது. மூடியிருந்த கோப்பு பதிலை 55 ஆண்டுகள் தள்ளிப்போட்டது.

எங்கே, எப்படிக் கிடைக்கும்?

அமெரிக்காவில் 3,000க்கும் மேற்பட்ட கவுண்டிகள் உள்ளன. நம் மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பிரிவு இது. லூசியானாவில் இதற்குப் பாரிஷ் என்றும், அலாஸ்காவில் பரோ என்றும் பெயர். பெரும்பாலான குற்ற வழக்குகள் மாநிலச் சட்டத்தின்கீழ் கவுண்டி அளவிலுள்ள நீதிமன்றத்தில்தான் நடக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேடும் தேசியப் பதிவேடு பொதுமக்களுக்குக் கிடையாது. எனவே, சம்பவம் எந்தக் கவுண்டியில் நடந்தது என்பதே முதல் கேள்வி. ஒருவர் குடியிருக்கும் கவுண்டியில் தேடிவிட்டு, வழக்கே இல்லை என்று முடிவுக்கு வருவது தவறு.

நீதிமன்றத்தின் பெயரும் குழப்பும். கலிஃபோர்னியாவில் அது சுபீரியர் கோர்ட். இல்லினாயில் சர்க்யூட் கோர்ட். நியூயார்க்கில் கடும் குற்றங்களை விசாரிக்கும் கீழ்நிலை நீதிமன்றத்துக்கே சுப்ரீம் கோர்ட் என்று பெயர். பெயர் எதுவானாலும் கோப்பு இருப்பது அந்த நீதிமன்றத்தின் கிளர்க் அலுவலகத்தில். விஸ்கான்சின், மேரிலாந்து, பென்சில்வேனியா போன்ற மாநிலங்கள் வழக்கு விவரங்களை மாநிலம் முழுமைக்கும் இணையத்தில் தேட வசதி செய்திருக்கின்றன. வேறு சில கவுண்டிகளில் நேரில் செல்ல வேண்டும், அல்லது கடிதம் எழுதிக் கட்டணம் செலுத்த வேண்டும்.

மத்திய அரசின் சட்டத்தின்கீழ் வரும் வழக்குகள் தனி. அவற்றுக்குப் பேசர் என்ற கணினி வசதி உள்ளது. பக்கத்துக்கு 10 சென்ட். ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். கவுண்டி வழக்குகள் அதில் இருக்காது. வழக்கின் தலைப்பில் ஒரு தரப்பாக அமெரிக்க ஐக்கிய நாடுகள் என்று இருந்தால் மத்திய வழக்கு. மாநிலத்தின் பெயரோ மக்கள் என்ற சொல்லோ இருந்தால் மாநில வழக்கு.

கோப்பைக் கையில் வாங்கியவர்கள் கடைசிப் பக்கம்வரை படிக்க வேண்டும். முதலில் இருப்பது குற்றச்சாட்டு. அது அரசுத் தரப்பு சொன்னது, அவ்வளவுதான். வழக்கு எப்படி முடிந்தது என்பதைச் சொல்லும் இறுதி உத்தரவுதான் முக்கியம். தள்ளுபடியா, விடுதலையா, அரசே வழக்கைக் கைவிட்டதா, குறைந்த குற்றமாக மாற்றப்பட்டதா என்பது அங்கேதான் தெரியும். கைது என்ற சொல்லைப் பார்த்ததும் கோப்பை மூடிவிட்டு ஒருவரைப் பற்றிப் பேசத் தொடங்குவது அவதூறில்தான் முடியும். சிறார் வழக்குகளும், நீதிமன்றம் மறைக்க உத்தரவிட்ட வழக்குகளும் பெரும்பாலும் பொதுப் பார்வைக்குக் கிடைக்காது.

அலமாரியிலிருந்து கணினித் திரைக்கு

ஒரு காலத்தில் இந்தக் கோப்புகள் திறந்திருந்தாலும் தூரத்தில் இருந்தன. ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள கவுண்டி கவுண்டியாக ஏறி இறங்க வேண்டும். அந்தச் சிரமமே ஒரு பாதுகாப்பாக இருந்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் இதை வெளிப்படையாகவே சொன்னது. ஒருவரின் கைது விவரங்களையெல்லாம் தொகுத்து எஃப்.பி.ஐ. வைத்திருக்கும் பட்டியலைச் செய்தியாளர்கள் கேட்டபோது, நீதிமன்றங்களில் சிதறிக் கிடக்கும் தகவலும் ஒரே இடத்தில் திரட்டப்பட்ட தகவலும் ஒன்றல்ல என்று கூறித் தர மறுத்தது.

அரசு தர மறுத்ததைத் தனியார் நிறுவனங்கள் இன்று வியாபாரமாகச் செய்கின்றன. கவுண்டிப் பதிவேடுகளை மொத்தமாக வாங்கி, தொகுத்து, வேலை கொடுப்பவர்களுக்கும் வீட்டு உரிமையாளர்களுக்கும் விற்கின்றன. நீதிமன்றம் பின்னர் ஒரு வழக்கை மறைத்தாலும், ஏற்கெனவே விற்கப்பட்ட நகல் எங்கோ ஒரு கணினியில் பழையபடியே இருக்கக்கூடும்.

இதற்குச் சட்டத்தில் ஓரளவு கடிவாளம் இருக்கிறது. 1970இல் இயற்றப்பட்ட நியாயமான கடன் அறிக்கைச் சட்டம், தண்டனையில் முடியாத கைதுகளை 7 ஆண்டுகளுக்குப் பின் இத்தகைய அறிக்கைகளில் சேர்ப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. அதிக ஊதியமுள்ள வேலைகளுக்கு இதில் விலக்கு உண்டு. தண்டனைக்குக் காலவரம்பு இல்லை. அறிக்கையைக் காரணம் காட்டி வேலை மறுப்பதற்கு முன், அதன் நகலை விண்ணப்பதாரருக்கு நிறுவனம் தர வேண்டும். தவறு இருந்தால் அவர் ஆட்சேபிக்கலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் விசாரித்தாக வேண்டும்.

பென்சில்வேனியா 2018இல் இன்னொரு வழியைத் தொடங்கிவைத்தது. தகுதியுள்ள பழைய வழக்குகளும் தண்டனையில் முடியாத வழக்குகளும் மனு போடாமலே தானாக மறைக்கப்படும் சட்டம் அது. யூட்டா, மிச்சிகன், நியூயார்க் உள்ளிட்ட மாநிலங்கள் அதே பாதையில் சென்றுள்ளன.

பெயர் ஒன்றானால் ஆளும் ஒன்றா?

நம் சமுதாயத்தை நேரடியாகத் தொடும் ஆபத்து பெயர்க் குழப்பம். 2011இல் கலிஃபோர்னியாவில் கார் வாங்கச் சென்ற ஒருவரின் கடன் அறிக்கையில், அரசின் தடைப்பட்டியலில் உள்ள பெயரோடு இவர் பெயர் பொருந்துகிறது என்று வந்தது. பயங்கரவாதிகள், போதைப்பொருள் கடத்துபவர்கள் பெயர்கள் அடங்கிய பட்டியல் அது. அவருக்குக் கார் விற்க மறுத்தார்கள். அறிக்கை தயாரித்த டிரான்ஸ்யூனியன் நிறுவனம் முதற்பெயரையும் கடைசிப் பெயரையும் மட்டுமே ஒப்பிட்டிருந்தது. இப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் 8,185 பேர். 2021இல் உச்ச நீதிமன்றம், மூன்றாம் தரப்புக்கு அறிக்கை அனுப்பப்பட்ட 1,853 பேருக்கு மட்டுமே இழப்பீடு கேட்கும் தகுதி உண்டு என்றது. ஐவர் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம்.

நீதிமன்றப் பதிவேடுகளிலும் தேடல் பெயரை வைத்தே நடக்கிறது. முஹம்மது, அஹ்மது, கான், அலி என்ற பெயர்கள் எத்தனை ஆயிரம் பேருக்கு! ஆங்கிலத்தில் முஹம்மது என்பதையே பல விதமாக எழுதுகிறோம். குடும்பப் பெயர் வைக்கும் வழக்கமில்லாத தமிழ் முஸ்லிம்களுக்குச் சிக்கல் இன்னும் அதிகம். தந்தையின் பெயர் ஓர் ஆவணத்தில் கடைசிப் பெயராகிறது. மற்றொன்றில் அப்துல் மட்டும் தனியே பிரிந்து முதற்பெயராகிறது.

ஒரே பெயர் கொண்ட இருவரைப் பிரித்துக் காட்டுவது பிறந்த தேதி. ஆனால் ரிவர்சைடு கவுண்டி தொடர்பான வழக்கில் 2021இல் கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம், பிறந்த தேதியையும் ஓட்டுநர் உரிம எண்ணையும் கொண்டு இணையத்தில் குற்றப் பதிவுகளைத் தேட அனுமதிப்பது விதிமீறல் என்று தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர்கள், சிறை சென்று திரும்பியவர்களுக்காகப் பாடுபடும் அமைப்பினர். அவர்களின் நோக்கம் நியாயமானது. அதே தீர்ப்பால் பெயர் ஒத்த அப்பாவி ஒருவர், அந்த வழக்கு தம்முடையது அல்ல என்று நிரூபிக்கும்வரை வேலைக்குக் காத்திருக்க நேர்கிறது. தேடலுக்கு மீண்டும் வழிவிடும் மசோதாவை ஆளுநர் 2022இல் நிராகரித்தார். ஒருவரைக் காக்கும் விதியே மற்றவரைச் சிக்கவைக்கும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

குடியேறியவர்கள் மறக்கக்கூடாதவை

மாநில நீதிமன்றம் ஒரு வழக்கை அழித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலரும் நம்புகிறார்கள். குடியேற்றத் துறையைப் பொறுத்தவரை முடிவதில்லை. குடியுரிமை விண்ணப்பத்தில் மறைக்கப்பட்ட, அழிக்கப்பட்ட வழக்குகளையும் சொல்லியாக வேண்டும். இறுதி உத்தரவின் சான்றளிக்கப்பட்ட நகலும் கேட்பார்கள். ஆகவே கோப்பை மறைக்க மனு போடுவதற்கு முன்பே, கிளர்க் அலுவலகத்தில் சான்றளித்த நகல்களை வாங்கிப் பத்திரப்படுத்திக்கொள்வது அவசியம். கோப்பு பழையதாகி அழிக்கப்பட்டிருந்தால், பதிவு இல்லை என்று நீதிமன்றத்திடம் சான்று வாங்கலாம்.

சிறிய குற்றம்தானே என்று ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வருவதும் ஆபத்து. குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏதேனும் ஒரு தண்டனை விதிக்கப்பட்டிருந்தால், மாநிலம் அதைத் தண்டனைத் தீர்ப்பாகக் கருதாவிட்டாலும் குடியேற்றச் சட்டம் கருதலாம். இதனால்தான், குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் அபாயம் உண்டா என்று குடியுரிமை இல்லாதவருக்கு அவரது வழக்கறிஞர் எடுத்துச் சொல்ல வேண்டும் என 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அங்கே வாழும் நம் சகோதர சகோதரிகள், வேலைக்கோ வீட்டுக்கோ விண்ணப்பிக்கும் முன் தங்கள் பெயரில் என்ன பதிவு இருக்கிறது என்று தாங்களே ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது. தங்களுடையது அல்லாத வழக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் அன்றே ஆட்சேபிக்கலாம். அந்தந்த ஊர்ப் பள்ளிவாசல்களும் சங்கங்களும் வழக்கறிஞர்களை அழைத்து, ஆண்டுக்கு ஒருநாள் இதற்கான உதவி முகாம் நடத்தினால் பல குடும்பங்கள் பயன்பெறும்.

கோப்புகளை மொத்தமாக மூடிவிடுவது தீர்வாகாது. மூடினால் முதலில் நிம்மதி அடைவது தவறு செய்த காவல் அதிகாரியும் ஆதாரத்தை மறைத்த அரசு வழக்கறிஞரும்தான். நீதிமன்றம் என்ன செய்தது என்பது என்றும் திறந்திருக்கட்டும். நீதிமன்றமே விடுவித்த ஒருவரின் பெயரை விலைக்கு விற்கும் கடைதான் மூடப்பட வேண்டும்.