தமிழ்ச் சொல்லும் தாவரப் பிறப்பும்

தமிழிலக்கியம் பயிலும் மாணாக்கர்க்குத் தாவரவியல் எதற்கு என்னும் வினா நம் துறைகளில் அவ்வப்போது எழுவதுண்டு. பூவைப் பாடிய புலவர்களை நாம் பயில்கின்றோம். அப்பூ எதன்பொருட்டுப் பூக்கின்றது என்பதை அடுத்த துறையினர் பார்த்துக்கொள்வர் என விட்டுவிடுகின்றோம். இப்பிரிவினையால் இழப்பு தமிழுக்கே என்பது நம் கருத்து.

'பாசி' என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். நோன்பு திறக்கையில் நாம் உண்ணும் கடற்பாசி, மழைக்காலத்தில் மதிலில் பஞ்சுபோற் படரும் பாசி, பிரியாணிக்கு மணமூட்டும் கல்பாசி ஆகிய மூன்றும் தமிழில் பாசியே. இனம் பெருக்கும் முறையிலோ மூன்றும் மூன்று வழி. கடற்பாசிக்கு மூலமான செம்பாசிகளின் ஆணணுக்கள் நீந்தமாட்டா. கடலலையே அவற்றைப் பெண்ணுறுப்பிடம் சேர்த்தல் வேண்டும். மதிற்பாசியின் ஆணணு நுண்ணிழைகளால் நீந்தவல்லது. எனினும் நீந்துதற்கு மழைநீர்ப் படலமேனும் வேண்டும். பெரணிக்கும் அஃதே நிலை. கல்பாசியோ தாவரமே அன்று. பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிர்க்கூட்டு. இரண்டின் கூறுகளையும் தாங்கிய நுண்துகள் காற்றிற் சென்று புதிய இடத்தில் பற்றி வளர்கின்றது. மூன்றையும் ஒரு சொல்லால் அழைத்தல் வழக்கில் குற்றமன்று. வகுப்பறையில் அவ்வேறுபாட்டைச் சொல்லாது விடுதலே குற்றம்.

விதை தாங்கும் தாவரங்களுக்குள்ளும் நீந்தும் ஆணணு உண்டு என்பதை 1896இல் ஜப்பானியர் இருவர் கண்டனர். ஜின்கோ மரத்தில் ஹிராசேயும், சைகஸ் மரத்தில் இக்கேனோவும் அதனைக் கண்டறிந்தனர். நம் நாட்டு மருந்துக் கடைகளில் மதனகாமப்பூ என விற்கப்படுவது சைகஸ் இனத்து மரமொன்றன் ஆண்கூம்பே. பெயரில் பூ உண்டு, மரத்தில் இல்லை.

ஆண்மரம், பெண்மரம் என்னும் பகுப்பை உழவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பனை நட்டவர், அது பாளை விடும்வரை ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தே அதன் பால் அறிவர். ஆண்பாளையைக் கொண்டு பெண்பேரீச்சையைச் சூல்கொள்ளச் செய்யும் மதீனத்து வழக்கத்தை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. ஐரோப்பாவில் காமராரியுஸ் என்பார் தாவரங்களுக்குப் பால்வேறுபாடு உண்டெனச் சோதனைகளால் நிறுவி வெளியிட்டது 1694இல்தான்.

ஆயினும் வழக்கு எப்போதும் மெய்யே பேசும் என்று கொள்ளல் ஆகாது. 'அத்தி பூத்தாற்போல' என்னும் தொடர்க்கு 'அரிதாக' என எழுதி மாணவர் மதிப்பெண் பெறுகின்றனர். அத்தி ஒவ்வொரு முறை காய்க்கும்போதும் பூக்கின்றது. பூக்கள் நாம் காயெனக் கருதும் உருண்டைக்குள் மறைந்துள்ளன. குளவியினத்துச் சிறு பூச்சி நுனித்துளை வழியே உட்புகுந்து மகரந்தம் சேர்க்கின்றது. தேர்வுத்தாளில் இதற்கும் ஒரு மதிப்பெண் ஒதுக்கினால் என்ன?

மணமக்களை 'வாழையடி வாழையாக' வாழ்கவென வாழ்த்துகின்றோம். வாழைக்கு மணமே இல்லை! நாம் உண்ணும் வாழைகள் பெரும்பாலும் கருவுறாமலே காய்ப்பன. கிழங்கினின்று எழும் கன்றே அடுத்த வாழை. தாயும் கன்றும் ஒரே இயல்பின ஆதலின், ஒன்றைத் தாக்கும் நோய் தோட்டம் முழுவதையும் தாக்கும். மத்திய அமெரிக்கத் தோட்டங்களை நிறைத்திருந்த குரோ மிஷெல் வாழை பனாமா வாடல் நோயால் 1960களில் ஏற்றுமதி வணிகத்தினின்றே அகன்றது. நம் மலைகளின் விருப்பாட்சி வாழை முடிக்கொத்து நோயால் நலிந்தது. நோயுற்ற கன்றை நடுதலும் அந்நோய் பரவ ஒரு வழி.

தமிழ்வழியிற் பயின்று கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் 'ஸ்போர்' என்னும் ஒலியை மனனம் செய்து அல்லலுறுகின்றனர். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் அதனை 'வித்தி' என வழங்குகின்றன. நாமும் அதனை ஏற்கலாம். கன்று, கரணை, பதியம், பாளை, நாற்று என அப்பிள்ளைகள் ஊரிலிருந்து கொணரும் சொற்கள் பல. தமிழ்த்துறையும் தாவரவியல் துறையும் ஒன்றுகூடி இவற்றைத் தொகுத்தல் வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அத்தாவரம் பெருகும் முறையையும் எழுதுவித்தல் வேண்டும். முதலாண்டு மாணவரைக் கொண்டே ஒரு பருவத்துள் இதனை முடிக்கலாம். செலவு சில குறிப்பேடுகளே.