கரியமில வாயுவும் காசாகும்: சிவகாசி பயன்படுத்திக்கொள்ளுமா?

காய்ஞ்ச பூமி, சுள்ளுன்னு அடிக்கிற வெயில். சிவகாசியைத் தொழில் நகரமாக்கியதே இவைதான். அதே வெயிலை வைத்துக் கரியமில வாயுவை ரசாயனப் பொருளாக மாற்றலாம் என்கிறது அறிவியல்.

எப்படி? வெயில் பட்டதும் சிலிக்கான் மின்முனையில் எலெக்ட்ரான் கிளம்பும். அதில் ஒட்டி வாழும் பாக்டீரியா அந்த எலெக்ட்ரானைக் கொண்டு கரியமில வாயுவை அசிட்டேட்டாக மாற்றும். 2015-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் பெய்டோங் யாங் குழு இதைச் செய்துகாட்டியது. அசிட்டேட்டிலிருந்து பிளாஸ்டிக், மருந்து மூலப்பொருள் வரை போகலாம்.

அப்போ பட்டாசுப் புகைக்கு இதுதான் தீர்வா? இல்லை. அந்தப் புகையின் பெரிய கேடு நுண்துகளும் உலோக நச்சும். தவிர, காற்றில் கலந்த வாயு இதற்கு உதவாது, புகைபோக்கியிலேயே பிடிக்கணும். பக்கத்துத் தூத்துக்குடியில் ஓர் ஆலை 2016-லேயே அதைத் தொடங்கியது. நிலக்கரி பாய்லர் புகையில் ஆண்டுக்கு 60,000 டன் வரை கரியமில வாயுவைப் பிடித்து, சோடா சாம்பல் செய்யும் திட்டம் அது. அங்கே பாக்டீரியா இல்லை. ஆனால் வாயு கையில் இருக்கு.

பாக்டீரியா முறை இன்னும் ஆய்வகத்தைத் தாண்டவில்லை, வேகமும் குறைவு. நாளைக்கே ஃபேக்டரி வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால், கற்றுக்கொள்ள இதுதான் நேரம். 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்குத் தடை போட்டதிலிருந்து பட்டாசுத் தொழிலாளர்களுக்கு ஒவ்வொரு தீபாவளியும் கேள்விக்குறிதான்.

1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனார்கள். இப்போது அவ்வளவு தூரம் போக வேண்டாம். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடியிலேயே இருக்கு. விருதுநகர் மாவட்டக் கல்லூரிப் பிள்ளைகளை அங்கே பயிற்சிக்கு அனுப்பும் ஏற்பாட்டை அரசும் ஆலை முதலாளிகளும் இப்போதே தொடங்கணும்.