பை பார்க்கிற ஆள்

வீட்டோடு ஒரு நாள் தீம் பார்க் போவமென்று வெளிக்கிட்டால் நாங்கள் எல்லாத்தையும் திட்டமிடுவோம். ரிக்கெற் எவ்வளவு, வான் எத்தனை மணிக்கு, முன் சீற் ஆருக்கு. சாப்பாடு ஆர் கட்டுவது என்பது மட்டும் கேள்வியே இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஹங்வெல்லப் பக்கமுள்ள லெஷர் வேர்ல்டுக்குப் போவதென்றால் இரவே வான் ஏறவேணும். பின்னேரம் முழுக்க அம்மா குசினிக்குள். விடிய அங்கே இறங்கியதும் நாங்கள் தண்ணிக்குள் குதிப்போம், அம்மா வாங்கில் இருப்பா.

"நீங்கள் போய் விளையாடுங்கோ, நான் பையைப் பாக்கிறன்."

சீலையோடு எப்படி இறங்குவது? மாத்துடுப்பு எடுங்கோ என்று நாங்கள் சொன்னதே இல்லை. படங்களிலும் அவ இல்லை, எடுத்தது அவதானே.

1955இல் டிஸ்னிலாண்டைத் திறந்த வோல்ட் டிஸ்னிக்கு அந்த யோசனை வந்ததும் ஒரு வாங்கிலிருந்துதான். மகள்மார் குடைராட்டினத்தில் சுற்ற, தான் கச்சான் சாப்பிட்டபடி சும்மா இருந்ததாகவும், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் வேணுமென்று நினைத்ததாகவும் அவரே சொல்லியிருக்கிறார். அப்படி உருவான பூங்காக்களுக்குள்தான் நாங்கள் அம்மாவைத் திரும்பவும் வாங்கில் இருத்துகிறோம்.

அம்மாக்கு இதெல்லாம் விருப்பமில்லை என்று முடிவெடுத்ததும் நாங்கள்தான். போன மாதம் முதன்முதலாகக் கேட்டோம். வெங்காயம் உரித்துக்கொண்டே, "அந்த வளைஞ்சு போற சறுக்கியில ஒருக்காப் போகோணும்" என்றா.

இந்த முறை சாப்பாடு கடையில். பையை நாங்கள் முறை வைத்துப் பார்ப்போம். அம்மா ஒரு சல்வார் தைக்கக் குடுத்திருக்கிறா.