பம்பைக் கழற்றும் முன்

பழைய ஜேசிபியில் பக்கெட் மெதுவாக ஏறுகிறது என்றதும் ஷெட்டில் முதலில் வரும் தீர்ப்பு, ‘பம்ப் போயிடுச்சு’. சில நேரம் அது சரிதான். பல நேரம், பெரிய தொகை கொடுத்துப் புதுப் பம்ப் மாட்டிய பிறகும் வண்டி அதே சோம்பலில் நிற்கும். ஒரே ஒரு பழைய வண்டியை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் தங்கவயல் மாரிகுப்பத்துக்காரருக்கு இது சின்ன விஷயமல்ல. 1964இல் தொடங்கப்பட்ட பெமல் நிறுவனம், கோலார் தங்கவயலிலேயே புல்டோசரும் எக்ஸ்கவேட்டரும் செய்கிறது. ஹைட்ராலிக் அறிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனாலும் ஒரு குழப்பம் மட்டும் தெருவோர ஷெட்டுகளில் நீங்காமல் இருக்கிறது: வேகமும் பலமும் ஒன்றென்று நினைப்பது.

பம்ப் கொடுப்பது ஆயிலின் ஓட்டத்தை மட்டுமே. அந்த ஓட்டத்தைச் சுமை எதிர்க்கும்போதுதான் அழுத்தம் பிறக்கிறது. ஒரு சுற்றுக்கு 40 சிசி தள்ளும் கியர் பம்ப், நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால் 80 லிட்டர் தரும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் அந்த ஆயில் நுழைந்தால் ராடு நொடிக்கு 17 சென்டிமீட்டர் நகரும். பம்ப் தேய்ந்து 60 லிட்டர்தான் வருகிறது என்றால் நகர்வு 13 சென்டிமீட்டருக்குக் குறையும். ஆனால் 200 பார் அழுத்தம் எழுந்தால், இரண்டு நிலையிலும் அந்தச் சிலிண்டரின் தள்ளுவிசை ஏறத்தாழ 16 டன்தான். ஆகவே மெதுவாகத் தூக்கினாலும் முழுச் சுமையையும் தூக்குகிற வண்டிக்கு ஓட்டத்தில் குறை; வேகமாக வந்து சுமை பட்டதும் நின்றுவிடுகிற வண்டிக்கு அழுத்தத்தில் குறை.

இந்த இரண்டு குறைகளையும் பிரித்தறியாமல் ஸ்பேனரை எடுப்பவர், அழுத்தத்துக்கு வரம்பு வைக்கும் ரிலீஃப் வால்வைத்தான் முறுக்குவார். ஓட்டம் குறைந்த வண்டியில் அதனால் ஒரு லிட்டர்கூட அதிகமாகாது. நேற்றுவரை தாங்கிய பழைய ஹோஸ் இன்று வெடிக்கும், அவ்வளவுதான். கேஜ் மாட்டாமல் ரிலீஃபைத் தொடுவது வேலை அல்ல, சூதாட்டம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, எல்லா அசைவும் மெதுவாக இருக்கிறதா, ஒன்று மட்டுமா என்பது. பூம் மட்டும் மெதுவென்றால் பம்பைச் சந்தேகிக்க வேண்டாம். அந்தச் சிலிண்டரின் சீல், அதன் வால்வு ஸ்பூல், உள்தோல் உரிந்து வழியடைத்த ஹோஸ் இவற்றைப் பாருங்கள். எல்லாமே மெதுவென்றால் டேங்க், சக்‌ஷன் லைன், பம்ப், மெயின் ரிலீஃப். அங்கும் சூடு ஒரு சாட்சி சொல்லும். காலையில் மந்தமாக இருந்து ஆயில் சூடானதும் சுறுசுறுப்பாகும் வண்டிக்கு, கெட்டியான ஆயிலோ அடைத்த ஸ்ட்ரெய்னரோ காரணமாகலாம். காலையில் நன்றாக ஓடி மதியம் தளர்ந்தால் உள்கசிவு: சூட்டில் ஆயில் நீர்த்து, தேய்ந்த இடைவெளிகள் வழியே நழுவுகிறது.

சக்‌ஷன் பக்கம்தான் அதிகம் ஏமாற்றும். அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு என்பதால், கிளாம்ப் தளர்ந்திருந்தால் ஆயில் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். சொட்டைத் தேடுபவருக்கு ஒன்றும் கிடைக்காது. 2001 பிப்ரவரியில் மூடப்பட்ட இங்குள்ள தங்கச் சுரங்கங்களில் பாறை துளைத்தவர்களுக்குக் காற்றின் குணம் தெரியும். அவர்களுடைய டிரில், அமுக்கப்பட்ட காற்று விரிவதால் ஓடியது. ஜேசிபிக்கு வேண்டியதோ அமுங்காத ஆயில். காற்று கலந்தால் பக்கெட் துள்ளும், பம்ப் கத்தும், டேங்கில் நுரை நிற்கும். சந்தேகப்படும் ஜாயின்ட்டில் கொஞ்சம் கிரீஸ் அப்பிப் பாருங்கள். சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். ஆயில் பாலாகத் தெரிந்தால் ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைக்கலாம். காற்று என்றால் நேரம் போகப் போகத் தெளியும், தெளியாவிட்டால் தண்ணீர்.

தூசியும் இங்கே ஒரு கணக்கு. தங்கவயலின் சயனைடு மேடுகள் என்பவை அரைத்துத் தங்கம் எடுத்த பாறையின் மாவு. காற்றடிக்கும் நாளில் டேங்க் பிரீதரில் ஏறுவது அதுதான். ராடு வைப்பர் கிழிந்திருந்தால் சிலிண்டருக்குள்ளும் போகும். கியர் பம்பின் உள் இடைவெளிகள் மைக்ரான் கணக்கில் இருப்பவை. மற்ற ஊரில் ஒத்திப்போடும் ஃபில்டர் மாற்றத்தை இந்த மேடுகளுக்கு அருகில் ஓடும் வண்டிக்கு ஒத்திப்போடக் கூடாது.

எதையும் கழற்றுமுன் பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்து, லீவர்களை ஆட்டி அழுத்தத்தை விடுங்கள். ஊசித்துளைக் கசிவை விரலால் தடவவே கூடாது, அட்டையால் தேடுங்கள். தோலைத் துளைத்து உள்ளே போன ஆயில், வெளியே சிறு புள்ளியாகத்தான் தெரியும். உடனே அறுவை சிகிச்சை நிபுணரிடம் போகாவிட்டால் விரலோ கையோ போய்விடக்கூடும்.

இவ்வளவும் பார்த்த பிறகே பம்புக்கு வர வேண்டும். வெறும் அழுத்தக் கேஜ் போதாது, ஃப்ளோ மீட்டர் வேண்டும். லைனை முழுக்க அடைத்தால் பம்ப் உடையும் என்பதால் அது தெரிந்தவர் வேலை. இன்ஜின் சுற்று குறையாமலிருக்க, சுமையில்லாதபோது 78 லிட்டர் காட்டி, 200 பாரில் 50க்கு இறங்கினால் பம்ப் தேய்ந்துவிட்டது, மாற்றலாம். மாற்றும் அன்றே டேங்கைக் கழுவி, ஃபில்டரையும் ஸ்ட்ரெய்னரையும் புதுசாக்கி, பம்புக்குள் ஆயில் நிரப்பிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். பழைய பம்ப் உதிர்த்த இரும்புத் தூள் டேங்கின் அடியில் கிடந்தால், அது முதலில் அரிப்பது புதுப் பம்பைத்தான்.