பரணிக்குள் ஒரு குற்றம்

நவம்பர் பாதி கடந்ததும் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துக் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் பரணிலிருந்து சீனப் பரணி கீழே இறங்கும். ஊறுகாய் போடுவதற்கல்ல. கிறிஸ்துமஸ் கேக்குடன் பரிமாறும் ஒயினுக்கு இப்போதே பழம் போட்டால்தான் கணக்கு சரியாக வரும்: நொதிக்க 21 நாள், வடிகட்டியபின் தெளிய மேலும் சில நாள்.

செய்முறையில் ரகசியம் எதுவும் இல்லை. ஒரு கிலோ கறுப்புத் திராட்சை, முக்கால் கிலோ சர்க்கரை, ஆறவைத்த வெந்நீர் ஒன்றரை லிட்டர், ஒரு பிடி கோதுமை, கொஞ்சம் ஈஸ்ட், கிராம்பு, பட்டை. பழத்தை மசித்து எல்லாவற்றையும் பரணியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, ஈரமில்லாத மரக்கரண்டியால் தினமும் ஒருமுறை கிளற வேண்டும். திராட்சை கிடைக்காவிட்டால் அன்னாசி, சாம்பக்காய், நெல்லிக்காய், கொல்லாம்பழம் என்று தோட்டத்தில் விளைவது எதுவும் ஆகும்.

பழத்தின் பெயரே இங்கு எல்லையைக் காட்டிக் கொடுத்துவிடும். மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை; தமிழில் அது கொட்டையைத் தரும் மரம். திராட்சைக்குக் கொடிமுந்திரி என்று தமிழில் ஒரு பழைய பெயர் இருந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. களியக்காவிளைச் சந்தையில் இரண்டு மொழியும் தெரிந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை.

சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுவதுதான் ஈஸ்ட்டின் வேலை. ஒரு லிட்டரில் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு சதவீத ஆல்கஹால் கிடைக்கும். வீட்டுப் பரணியில் இருக்கும் சர்க்கரைக்கு அது ஏறக்குறைய 20 சதவீதம் வர வேண்டும். ஆனால் 12, 13 சதவீதத்தை நெருங்கும்போதே சாதாரண ஈஸ்ட் தளர்ந்துவிடுகிறது. மீதிச் சர்க்கரை அப்படியே தங்குவதால்தான் வீட்டு ஒயின் தித்திக்கிறது. அந்தத் தித்திப்பை நம்பி அதைப் பழச்சாறு என்று நினைத்துக் குழந்தைகளுக்கும் ஒரு வாய் கொடுப்பவர்கள் உண்டு. நன்கு நொதித்த பரணியில் பீரைப் போல இரண்டு மடங்கு ஆல்கஹால் இருக்கக்கூடும்.

இந்த இடத்தில்தான் சட்டம் உள்ளே வருகிறது. கொல்லம் ஆண்டு 1077ல், அதாவது கி.பி. 1902ல், கொச்சி சமஸ்தானம் இயற்றிய அப்காரிச் சட்டம் 1967ல் கேரளம் முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. உரிமமின்றி மது தயாரித்தால் 10 ஆண்டு வரை சிறை, ஒரு லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதம். குக்கர் வைத்துச் சாராயம் காய்ச்சுபவருக்கும், பேரப்பிள்ளைகள் வருவார்களென்று பரணியில் திராட்சை போடும் அம்மச்சிக்கும் ஒரே பிரிவுதான்.

எல்லையைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்பதும் இல்லை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. ஒரே திருவிதாங்கூராக இருந்த ஊர்களுக்கு இரண்டு சட்டப் புத்தகங்கள் வந்தன. தமிழ்நாட்டில் 1937ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம். கள் விஷயத்தில் இரு மாநிலங்களும் எதிரெதிர்: கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடை உண்டு, தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. வீட்டுப் பரணி விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒன்றுபட்டு நிற்கின்றன.

ஆண்டுக்கணக்கில் யாரும் கண்டுகொள்ளாத இந்தச் சட்டம் 2019 டிசம்பரில் திடீரென்று விழித்தது. உரிமமின்றி வீட்டில் ஒயின் தயாரிப்பது ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம் என்று கேரளக் கலால் துறை கிறிஸ்துமஸுக்கு முன்பு எச்சரித்தது. விற்பதற்காகச் செய்பவர்கள் மீதும், சமூக ஊடகங்களில் விளம்பரம் போடுபவர்கள் மீதும்தான் கண் என்றாலும், கலக்கம் அடைந்தது அடுப்படிகள்தான்.

கலால் துறையின் பயத்தைக் கேலி செய்துவிட முடியாது. சாராய ஊறலும் ஒயின் பரணியும் முதல் கட்டத்தில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஒன்று காய்ச்சி வடிக்கப்படுகிறது, மற்றது வடிகட்டப்படுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது மெத்தனால் கலந்த சாராயம். அதன்பின் தமிழ்நாடு தண்டனைகளை இன்னும் கடுமையாக்கியது. ஆனால் பழம் நொதிக்கும்போது உண்டாகும் மெத்தனால் மிகச் சொற்பம். பரணியில் உள்ள ஆபத்து வேறு வகை: வாயு வெளியேற வழியின்றி இறுக மூடினால் பாட்டில் வெடிக்கும், காற்று அதிகம் பட்டால் எல்லாம் வினிகராகும், பாத்திரம் சுத்தமில்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

2022ல் கேரளம் ஒரு கதவைத் திறந்தது. பலாப்பழம், கொல்லாம்பழம், வாழைப்பழம் முதலியவற்றிலிருந்து வீரியம் குறைந்த மது தயாரிக்கச் சிறு ஒயின் ஆலைகளுக்கு உரிமம் தரும் விதிகள் வந்தன. கேரள வேளாண் பல்கலைக்கழகம் 'நிளா' என்ற பெயரில் பழ ஒயினை உருவாக்கியது. சந்தைக்குப் போகாமல் தோட்டத்திலேயே அழுகும் பழத்துக்கு இது நல்ல செய்தி. ஆனால் அந்தக் கதவு ஆலைக்குத்தான், அடுப்படிக்கு அல்ல.

அமெரிக்காவில் 21 வயது நிறைந்த இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 காலன், அதாவது ஏறக்குறைய 757 லிட்டர் ஒயின் வரியின்றிச் செய்துகொள்ளலாம், விற்கக்கூடாது. இங்கே அத்தனை வேண்டியதில்லை. ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு ஐந்து லிட்டர், காய்ச்சி வடிப்பதும் விற்பதும் கூடாது என்று ஒரு வரி எழுதினால் போதும். கலால் அதிகாரி ஊறலைத் தேடலாம். அம்மச்சி பரணியை ஒளிக்க வேண்டியதில்லை.

அதுவரை அமரவிளை சோதனைச் சாவடியில் கம்பத்துத் திராட்சைக் கூடைக்கு வழி உண்டு. அதே திராட்சை மூன்று வாரம் கழித்துப் பாட்டிலில் வந்தால், பதில் சொல்ல வேண்டும்.