கயிற்றின் மறுமுனை



தருவைகுளம் முதலான தூத்துக்குடிக் கடலோர ஊர்களின் முதியோர் முத்துக்குளிப்பை மறந்திருக்க மாட்டார்கள். இக்கரையில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961-இல் நடைபெற்றது. கடலடியில் மூழ்கியவரின் உயிர், தோணியில் கயிற்றைப் பிடித்து நின்றவரின் கையில் இருந்தது. கீழே கயிறு அசைந்தால் மேலே இழுத்தாக வேண்டும்.

உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவரின் நிலையும் ஏறத்தாழ அதுவே. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1971-இல் சிறுநீரகம் மாற்றப்பட்டது முதல் இச்சிகிச்சை நம் நாட்டில் வளர்ந்து வந்துள்ளது. புதிய உறுப்பை உடல் ஒதுக்கிவிடாதிருக்க, நோய் எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்கி வைக்கின்றனர். ஆதலால் பிறருடைய சாதாரணச் சளியும் அவருக்கு ஆபத்தாகலாம். எலும்பு மஜ்ஜை மாற்றப்பட்டவரோ வாரக்கணக்கில் தனியறையில் இருக்க நேரிடுகிறது. அவர் சென்னையில், குடும்பம் தருவைகுளத்தில் என்றால், இடையே சுமார் 600 கிலோமீட்டர்!

இத்தனிமையைப் போக்க, கணினித் திரையில் தோன்றி உரையாடும் உருவங்களை மருத்துவ உலகம் நாடுகிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் திமோத்தி பிக்மோர் குழுவினர், வீடு திரும்பும் நோயாளிகளுக்கு மருந்து விவரங்களை விளக்கும் 'திரைச் செவிலி'யை உருவாக்கி, 2009-இல் ஆய்வை வெளியிட்டனர். அதை விரும்பிய நோயாளிகள் பலர். காரணம் யாது? அது அவசரப்படவில்லை, எத்தனை முறை கேட்டாலும் சலிக்கவில்லை. இது இயந்திரத்தின் பெருமை மட்டுமன்று. பொறுமையிழந்த மனிதர்களாகிய நம்மீதான குற்றச்சாட்டுமாகும்.

அப்படியாயின் இக்கருவியை ஏற்கலாமா? நன்மை தரும் கருவியை மார்க்கம் வெறுப்பதில்லை. ஆனால் மூன்று நிபந்தனைகள் வேண்டும்.

முதலாவது, உண்மை. பேசுவது மனிதரல்லர் என்பது நோயாளிக்குத் தெரிய வேண்டும். 1966-இல் ஜோசப் வைசன்பாம் 'எலிசா' என்னும் எளிய உரையாடல் நிரலை வெளியிட்டார். அது வெறும் நிரல் என அறிந்திருந்தும், அதனுடன் தனித்துப் பேச விரும்பிய அவருடைய உதவியாளர், அவரையே அறையைவிட்டு வெளியேறச் சொன்னாராம். அறிந்தவரையே மயக்கியது அறியாதவரை என்ன செய்யாது?

இரண்டாவது, அமானிதம். நோயாளி சொல்லும் அந்தரங்கம் பிறர் கைக்குச் செல்லலாகாது.

மூன்றாவது, பொறுப்பு. மாற்றுறுப்புப் பெற்றவருக்கு லேசான காய்ச்சலும் தொற்றின் முதல் அறிகுறியாக இருக்கலாம். நள்ளிரவில் அவர் திரையிடம் அதைச் சொன்னால், உடனே எழுந்து வர ஒரு மருத்துவரோ செவிலியரோ இருக்கிறாரா? இல்லையெனில், கயிறு அசைகிறது, தோணியில் ஆளில்லை!

நோயாளியை நலம் விசாரிப்பது ஒருவர் மீது மற்றவருக்குள்ள உரிமை என நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. அக்கடமையை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு நாம் உறங்கலாகாது. அறைக்குள் செல்லத் தடையிருப்பின், அத்தடையை மதிப்பதும் அவருக்குச் செய்யும் உதவியே. ஆனால் தினமும் தொலைபேசியில் நம் குரல் அவர் செவியில் விழட்டும். துணைக்கு நிற்பவருக்கு உணவும், பயணச் செலவுக்குப் பொருளும் ஜமாஅத் முறைவைத்து அளிக்கட்டும்.

இயந்திரம் கயிறாகலாம், அதைப் பிடிக்கும் கையாகாது. நம் உறவினர் எவரேனும் இன்று அவ்வாறு படுத்திருந்தால், ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் அவரோடு பேசுங்கள். அவருக்காக துஆச் செய்யுங்கள். அல்லாஹ் நோயுற்றோர் அனைவருக்கும் நலமருள்வானாக!