‘இது புதிதல்ல’ என்று எழுதிய பரிசோதகர்

பல்கலைக்கழக இறுதியாண்டில் நானும் என் கூட்டாளியும் சேர்ந்து செய்த ஒரு மின்மாற்றிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தோம். பல மாதங்கள் கழித்துப் பரிசோதகரின் எழுத்துபூர்வக் கருத்து வந்தது. முதல் கோரிக்கை புதிதல்ல. இரண்டு முதல் எட்டு வரை உள்ளவை புதிதல்ல, அல்லது துறை அறிந்த ஒருவருக்கு எளிதில் தோன்றக்கூடியவை. ஒன்பதாவது கோரிக்கைக்கு மட்டும் ஆட்சேபம் இல்லை. ஒன்பதில் ஒன்று! தேர்வுத்தாளாக இருந்திருந்தால் அம்மாவிடம் காட்டியிருக்க மாட்டேன்.

அன்றிரவு எனக்குக் கோபம்தான் வந்தது. ஓராண்டு உழைப்பை யாரோ ஒருவர் அறையில் உட்கார்ந்துகொண்டு நான்கு பக்கங்களில் தள்ளிவிட்டார் என்று நினைத்தேன். இன்று அந்த நான்கு பக்கங்களைப் பற்றி என் எண்ணம் வேறு. நான்கு ஆண்டு படிப்பில் என் வேலையை அவ்வளவு கவனமாகப் படித்த இன்னொருவர் இல்லை. அந்தக் கடிதத்தில் இருந்ததை நாங்கள் திட்டப்பணியின் முதல் வாரத்திலேயே அறிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த மின்மாற்றியைப் பற்றி. கைப்பேசி மின்னூட்டிக்குள் மஞ்சள் ஒட்டுநாடா சுற்றிய சிறு கட்டி ஒன்று இருக்கும். (பிரித்துப் பார்க்க வேண்டாம், உள்ளே இருக்கும் மின்தேக்கி சும்மா விடாது.) ஃபெரைட் உள்ளகத்தைச் சுற்றிச் செப்புக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். அதுதான் மின்மாற்றி. தட்டை மின்மாற்றியில் கம்பியே கிடையாது. மின்சுற்றுப் பலகையின் ஒவ்வோர் அடுக்கிலும் செப்புத் தடத்தைச் சுருளாக அச்சிட்டுவிடுவார்கள். பலகையில் துளையிட்டு, மேலும் கீழும் இரண்டு ஃபெரைட் துண்டுகளைப் பொருத்தினால் வேலை முடிந்தது. உயரம் குறைவு, பரப்பு அதிகம் என்பதால் சூடு எளிதில் வெளியேறும். ஆயிரம் பலகை செய்தாலும் ஆயிரமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். கையால் சுற்றிய சுருளில் அந்த உறுதி இல்லை. கணினிச் சேவையகங்களின் மின்வழங்கிகளிலும் மின்சார வாகனங்களின் மின்னூட்டிகளிலும் இது பயன்படுகிறது.

ஏன் இவ்வளவு மெல்லிய செப்பு? 100,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மின்னோட்டம் கம்பியின் உட்புறத்தைத் தொடாமல் மேற்பரப்பையே பிடித்துக்கொண்டு ஓடும். செப்பில் அந்த ஆழம் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர்தான். 10 லட்சம் ஹெர்ட்ஸுக்குப் போனால் 0.07 மில்லிமீட்டர். பலகையில் உள்ள செப்பு 0.035 அல்லது 0.07 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அளவெடுத்துத் தைத்த சட்டைபோலப் பொருந்திவிடுகிறது. ஆனால் மெல்லியதாக இருந்தால் மட்டும் போதாது. அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏற ஏற, பக்கத்து அடுக்கின் காந்தப்புலம் இழப்பைக் கூட்டிக்கொண்டே போகும். 1966இல் டவல் என்பவர் எழுதிய ஆய்வுக்கட்டுரையின் கணக்கைத்தான் இன்றும் மாணவர்கள் போடுகிறார்கள். அதற்கான வைத்தியம், முதன்மைச் சுருளின் அடுக்கையும் இரண்டாம் சுருளின் அடுக்கையும் மாற்றி மாற்றி வைப்பது. குவே லாப்பிஸ் மாதிரி.

வைத்தியத்துக்குப் பக்கவிளைவும் உண்டு. எதிரெதிரே இருக்கும் இரண்டு செப்புத் தகடுகள் மின்தேக்கி ஆகிவிடும். ஒரு பக்கத்து இரைச்சல் அடுத்த பக்கத்துக்குக் கசியும். இழப்பைக் குறைத்தால் இரைச்சல் கூடும், இரைச்சலைக் குறைத்தால் இழப்பு கூடும். இந்த இழுபறிக்குள்தான் எங்கள் ஓராண்டு போயிற்று.

எங்கள் முதல் கோரிக்கை என்ன தெரியுமா? மாற்றி மாற்றி வைத்த அடுக்குகள், நடுவே ஃபெரைட். அதாவது குவே லாப்பிஸுக்கே காப்புரிமை கேட்டிருக்கிறோம்! இணையத்தில் தேடிப் பார்த்தோம், எதுவும் கிடைக்கவில்லை என்று விண்ணப்பத்துக்கு முன் பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறது. ‘பிளேனர் டிரான்ஸ்ஃபார்மர்’ என்ற ஒரே சொற்றொடரைத் தட்டச்சு செய்து, முதல் இரண்டு பக்கங்களைப் பார்த்துவிட்டு மூடியிருந்தோம். நமக்கு முன் செய்தவர்கள் நம் சொல்லிலேயே எழுதியிருப்பார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஒருவர் ‘பிளாட்’ என்பார், இன்னொருவர் ‘அச்சிட்ட சுருள்’ என்பார், வேறொருவர் ‘உயரம் குறைந்த காந்தப் பாகம்’ என்று சுற்றி வளைப்பார்.

பரிசோதகர் சொல்லை மட்டும் நம்பித் தேடுவதில்லை. நூலகத்தில் புத்தகத்துக்கு எண் இருப்பதுபோலக் காப்புரிமை ஆவணங்களுக்கும் வகைக் குறியீடு உண்டு. மின்மாற்றிச் சுருள்கள் ‘எச்01எஃப் 27/28’ என்ற இடத்தில் இருக்கும். மின் கன்வெர்ட்டர்கள் ‘எச்02எம்’ பக்கம். குறியீட்டைப் பிடித்துக்கொண்டு போனால் யார் எந்தச் சொல்லில் எழுதியிருந்தாலும் அகப்படும். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் ‘எஸ்பாஸ்நெட்’ தளத்தில் இதை யாரும் கட்டணமின்றிச் செய்யலாம். கடிதம் வந்தபிறகு நானும் அப்படித் தேடினேன். ஒரு பெரிய உள்ளகத்துக்குப் பதில் பல சிறிய உள்ளகங்களைச் சேர்த்து ஒரே மின்மாற்றியாக ஆக்குவது எங்கள் ‘அடுத்த ஆண்டு யோசனை’யாகக் குறிப்பேட்டில் இருந்தது. எட்வர்ட் ஹெர்பர்ட் என்பவர் 1987இல் தட்டையான அணி மின்மாற்றிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருக்கிறார். நான் பிறப்பதற்கு முன்பே! அதன் காலம் முடிந்துவிட்டது, இன்று யாரும் அதைப் பயன்படுத்தலாம். விளக்கமும் வரைபடமும் சேர்ந்த இலவசப் பாடநூல் அது. ஆனால் நம் வகுப்பறைகளில் அதை யாரும் திறப்பதில்லை.

‘புதிதல்ல’ என்பது ஒருவகை ஆட்சேபம். ஒரே பழைய ஆவணத்தில் எல்லாம் இருந்தால் அது. ‘எளிதில் தோன்றக்கூடியது’ என்பது வேறு, விவாதத்துக்கு உரியது. இதற்குச் சிங்கப்பூர் நீதிமன்றங்கள் பின்பற்றும் சோதனை, காற்றுப்பாய்ச் சறுக்குப் பலகை குறித்த ஓர் ஆங்கிலேய வழக்கிலிருந்து வந்தது. காப்புரிமை வைத்திருந்த நிறுவனம் 1980களில் வழக்குத் தொடுத்தது. எதிர்த்தரப்பு கொண்டுவந்த சான்றுகளில் ஒன்று, 1958இல் இங்கிலாந்தின் ஹேலிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்ற 12 வயதுச் சிறுவன் தானே செய்து கடலில் ஓட்டிய பாய்ப்பலகை. அவன் எந்தக் கட்டுரையும் எழுதவில்லை, விளையாடினான், மக்கள் பார்த்தார்கள். அவ்வளவே. காப்புரிமை செல்லாமல் போனது. உயர்நிலை ஒன்றில் படிக்கும் வயதுப் பிள்ளையின் விடுமுறை விளையாட்டு ஒரு நிறுவனத்தின் உரிமையைக் கவிழ்த்ததை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

எங்களுக்கு நேர்ந்தது அதன் மறுபக்கம். அதில் சிரிக்க எதுவுமில்லை. தப்பிப் பிழைத்த ஒன்பதாவது கோரிக்கை, உள்ளகத்தின் காற்றிடைவெளிக்கு அருகே செப்புத் தடத்தை ஒவ்வோர் அடுக்கிலும் சிறிது சிறிதாக உள்வாங்கி, படிக்கட்டுபோல அமைத்தது. இடைவெளியில் பிதுங்கும் காந்தப்புலம் அருகிலுள்ள செப்பைச் சூடாக்கும். அதற்கு விலகி நிற்கும் ஏற்பாடு அது. சின்ன விஷயம் என்று கடைசியில் சேர்த்தோம். அந்தப் படிக்கட்டின் படத்தை, அளவுகளோடு, விண்ணப்பிப்பதற்கு நான்கு மாதங்களுக்கு முன் நடந்த திட்டப்பணிக் கண்காட்சியில் சுவரொட்டியாக ஒட்டியிருந்தோம். வந்தவர்கள் எல்லாரும் படம் பிடித்துச் சென்றார்கள். எங்களுக்குப் பூரிப்பு.

காப்புரிமைச் சட்டத்தில் கண்டுபிடித்தவரே வெளியிட்டாலும் அது வெளியீடுதான். சிங்கப்பூரில் 2017 அக்டோபர் 30 முதல், கண்டுபிடித்தவர் தாமே வெளியிட்டு 12 மாதத்துக்குள் விண்ணப்பித்தால் அந்த வெளியீட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் இங்கே பிழைத்தோம். அமெரிக்காவிலும் ஓராண்டு அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் அந்தச் சலுகை ஏறக்குறைய இல்லை. மின்சார வாகனங்களுக்காக நாங்கள் எண்ணியிருந்த சந்தை அதுதான். ஒரு சுவரொட்டியால் கதவு மூடிவிட்டது. கண்காட்சிக்கு முன் எங்களிடம் எழுத்தளவு சரியா, சின்னம் சரியான மூலையில் இருக்கிறதா என்று கேட்டார்கள். இதை யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஆகவே என் கருத்து இது. பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் திட்டப்பணியின் முதல் மதிப்பீடு, முன்னர் வெளியானவற்றைத் தேடிய அறிக்கையாக இருக்க வேண்டும். மதிப்பெண்ணும் அதற்கு உண்டு என்று வைத்தால்தான் நடக்கும். மதிப்பெண் இல்லாத எதையும் நாம் செய்வதில்லை, நான் உட்பட. உயர்நிலைப் பள்ளிகளின் புத்தாக்கப் போட்டிகளிலும் ‘இது புதிது’ என்று எழுதும் கட்டத்துக்குக் கீழே ‘எங்கே தேடினாய், என்னென்ன கிடைத்தன’ என்று இன்னொரு கட்டம் வேண்டும்.

தேடச் சொன்னால் படைப்பாற்றல் போய்விடும், எல்லாம் ஏற்கெனவே இருக்கிறதே என்று பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள் என்று ஒரு விரிவுரையாளர் என்னிடம் வாதிட்டார். எங்கள் அனுபவம் அதற்கு நேர் எதிர். எட்டுக் கோரிக்கைகளும் பழையவை என்று முதலிலேயே தெரிந்திருந்தால் ஓராண்டையும் அந்தப் படிக்கட்டில் செலவழித்திருப்போம். இன்னும் இரண்டு மூன்று அளவுகளைச் சோதித்திருப்போம். புதியது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பழையதைத் திரும்பக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தோம்.

எல்லாரும் காப்புரிமைக்கு ஓட வேண்டும் என்று சொல்லவில்லை. செலவு அதிகம், பெரும்பாலான மாணவர் திட்டப்பணிகளுக்கு அது தேவையும் இல்லை. பரிசோதனை கடுமையாக இருக்கிறது என்ற புலம்பலோடும் எனக்கு உடன்பாடில்லை. 2014 பிப்ரவரி 14க்கு முன் சிங்கப்பூரில் பரிசோதகர் பாதகமாக எழுதினாலும் விண்ணப்பதாரர் விரும்பினால் காப்புரிமையைப் பெற்றுக்கொள்ள முடிந்தது. தன் தாளைத் தானே திருத்திக்கொள்வது போன்றது அது. அப்படி ஒரு காகிதம் எங்களுக்குக் கிடைத்திருந்தால் சட்டம்போட்டு வீட்டில் மாட்டியிருப்போம். முதல் வழக்கிலேயே கிழிந்திருக்கும். ஒரே கோரிக்கை என்றாலும், அடித்துப் பார்த்து நின்றது என்ற தெம்பு இப்போது எங்களுக்கு இருக்கிறது.

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை இரவு, தொழிற்கல்லூரியில் மூன்றாமாண்டு படிக்கும் தங்கை ஒருத்தி தன் திட்டப்பணிச் சுவரொட்டியைக் கைப்பேசியில் அனுப்பி, “அண்ணா, வெள்ளிக்கிழமை கண்காட்சி, நல்லா இருக்கா?” என்று கேட்டாள். நன்றாகவே இருந்தது. வலப்பக்க மூலையில் அளவுகளோடு ஒரு குறுக்குவெட்டுப் படமும் இருந்தது. விண்ணப்பம் போட்டாயிற்றா என்று கேட்டேன். எந்த விண்ணப்பம் என்றாள். விரிவுரையாளரிடம் நாளையே பேசச் சொன்னேன். விண்ணப்பத் தேதியைப் பெறக் கோரிக்கைகள் தயாராக இருக்க வேண்டியதில்லை, சரியான விளக்கம் இருந்தாலே போதும் என்பதையும் சொன்னேன். ஒரு நாளில் அவ்வளவும் நடக்குமா என்று தெரியவில்லை என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு படம் அனுப்பியிருந்தாள். சுவரொட்டியின் வலப்பக்க மூலையில் வெள்ளைத்தாள் ஒன்று, நான்கு பக்கமும் ஒட்டுநாடாவோடு.